பழைய ஸ்பிளெண்டர், சி.டி. 100 வண்டிகளில் டைமிங் செயின் டென்ஷனரைக் குறைந்த செலவில் சரிசெய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேரன்மகாதேவி, களக்காடு, முக்கூடல் பக்கத்து ஊர்களில் பழைய நூறு சி.சி. வண்டிகள்தான் இன்னும் பாதி வேலையைச் செய்கின்றன. வாழைத்தார், பால் கேன், பீடிக்கட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் அதில்தான் போகிறார்கள். அந்த வண்டிகளைப் பட்டறைக்குக் கொண்டுவருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

‘டைமிங் செயின் போயிட்டு’ என்றால் என்ஜினையே பிரித்துப் பெரிய பில் போட்டுவிடுவார்களோ என்ற பயம் பல கேள்விகளுக்குப் பின்னால் இருக்கிறது. நிறைய வண்டிகளில் தேய்ந்திருப்பது ஒரு ரப்பர் ரோலரும் ஒரு ஸ்பிரிங்கும்தான். திறந்து பார்த்து, தேய்ந்ததை மட்டும் மாற்றினால் போதும். 1985இல் வந்த சி.டி. 100, 1994இல் வந்த ஸ்பிளெண்டர், அவற்றின் என்ஜினையே கொண்ட மற்ற ஹீரோ ஹோண்டா வண்டிகள் ஆகியவற்றை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற வண்டிகளுக்குத் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

அண்ணாச்சி, டென்ஷனர் டென்ஷனர்ங்காங்களே, அது என்ன? வண்டியில எங்க இருக்கு?

என்ஜின் ஹெட்டில் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடுவது கேம். அந்தக் கேமைச் சுற்றுவது, பிஸ்டன் சுற்றிவிடும் தண்டான கிராங்கிலிருந்து போகும் ஒரு மெல்லிய செயின். அதுதான் டைமிங் செயின். கிராங் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். பின்சக்கரச் செயின் போலவே இதுவும் ஓட ஓடத் தளரும். ஆனால் இது என்ஜினுக்குள் இருப்பதால் நாம் நினைத்தபோது இழுத்துக் கட்ட முடியாது. அந்தத் தளர்வைத் தானாகவே வாங்கிக்கொள்ளும் அமைப்புதான் டென்ஷனர்.

ஸ்பிளெண்டர் போன்ற, சிலிண்டர் முன்னோக்கிப் படுத்திருக்கும் என்ஜினில் இது இடப்பக்கம், மேக்னட்டுக்கு (கிராங் முனையில் மின்சாரம் உண்டாக்கச் சுற்றும் காந்தச் சக்கரம்) பின்னால் இருக்கிறது. வளைந்த ஒரு கை. அதன் நுனியில் ரப்பர் பூசிய ரோலர். கையைத் தள்ளிக்கொண்டு நிற்கும் ஒரு ராடு. ராடின் தலையில் சின்ன ரப்பர். ராடுக்குக் கீழே ஸ்பிரிங். எல்லாவற்றையும் என்ஜினின் அடியிலிருந்து ஒரு போல்ட் மூடியிருக்கும். ராடு இருக்கும் துளையில் எண்ணெய் நிற்கும். ஸ்பிரிங் தள்ளும், எண்ணெய் துள்ளலை அடக்கும். இது தவிர சிலிண்டருக்குள் செயின் போகும் வழியில் கைடு ரோலர் என்று இன்னொன்று உண்டு. அது எதையும் தள்ளாது. செயின் சுவரில் அடிக்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

எல்லா வண்டியிலயும் இது உண்டுமா? எங்கிட்ட டி.வி.எஸ். எக்ஸ்.எல். இருக்கு, அப்பாவுக்குப் பழைய புல்லட்டு.

பழைய எக்ஸ்.எல். டூ ஸ்ட்ரோக். அதில் வால்வும் இல்லை, கேமும் இல்லை, ஆகவே டைமிங் செயினும் இல்லை. பின்னால் வந்த எக்ஸ்.எல். 100 ஃபோர் ஸ்ட்ரோக், அதில் உண்டு.

பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டில் கேமைப் பல்சக்கரங்களே சுற்றுகின்றன. அங்கே டென்ஷனர் என்று சொல்வது பிரைமரி செயினுக்கு உள்ளது. கிராங்கையும் கிளட்சையும் இணைக்கும் அந்தச் செயினைக் கையால் திருகித்தான் இறுக்க வேண்டும். அதில் தேய்ந்த பட்டையை மாற்றுவது எளிது, ஆனால் அது வேறு வேலை. இந்தப் பக்கத்தில் சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது.

வண்டி சும்மா நிக்கும்போது எஞ்சின்ல கடகடன்னு கேக்கு. டேப்பட்டா, செயினா, எப்படிக் கண்டுபிடிக்க?

டேப்பட் என்பது வால்வின் தலையைத் தள்ளும் திருகு. அதன் சத்தம் சீராக இருக்கும்: டிக், டிக், டிக் என்று எண்ணலாம் போல. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் அதே சத்தம் வேகமாகும். செயின் சத்தத்துக்கு அந்த ஒழுங்கு கிடையாது. சரசரவென்று உரசும், இடையிடையே கடகடக்கும், ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடும்போது கூடும். நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினிலும் பிடியைக் காதுக்குப் பக்கத்து எலும்பிலும் வைத்துக் கேளுங்கள். ஹெட்டின் மேல் டேப்பட் மூடியில் அதிகமாகக் கேட்டால் டேப்பட். இடப்பக்கம் சிலிண்டரில், மேக்னட் கவரின் முன்பக்கத்தில் அதிகம் என்றால் செயின். ஓடும் என்ஜின், சூடான சைலன்சர்: சட்டை, துண்டு எதுவும் தொங்க வேண்டாம்.

எதையும் கழற்றுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். எண்ணெய் அளவைப் பாருங்கள். டேப்பட்டை என்ஜின் ஆறியிருக்கும்போது கையேட்டில் உள்ள அளவுக்கு வையுங்கள். ஐட்லிங் ரொம்பக் குறைவாக இருந்தால் கொஞ்சம் ஏற்றுங்கள். பெட்ரோல் மிச்சப்படுத்துவதாக நினைத்துப் பலர் ஐட்லிங்கை அணையும் நிலைக்குக் குறைத்து வைத்திருக்கிறார்கள். அந்த வேகத்தில் கிராங் ஒவ்வொரு வெடிப்புக்கும் துள்ளித் துள்ளித்தான் சுற்றும். நல்ல செயின்கூட அடித்துக்கொள்ளும். இந்த மூன்றோடு சத்தம் போய்விட்டால் செலவே இல்லை.

சத்தம் மட்டுந்தான் வருது, ஓடுது. அப்படியே ஓட்டிக்கிட்டு இருந்தா என்ன?

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் சலசலத்துவிட்டு, எண்ணெய் ஏறியதும் அடங்கிவிடுகிறது என்றால் அவசரம் இல்லை. அடுத்த எண்ணெய் மாற்றும்போது பார்த்துக்கொள்ளலாம். சூடான பிறகும் அடங்கவில்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

தளர்ந்த செயின் அலுமினியச் சுவரை உரசித் தின்னும். அந்தத் தூள் எண்ணெயில் கலந்து கேமுக்கும் கிராங்குக்கும் போகும். ரோலர் ரப்பர் பிய்ந்தால் துண்டுகள் எண்ணெய்ச் சல்லடையில் போய் அடைக்கும். கேமுக்கு எண்ணெய் குறைந்தால் அது காய்ந்து தேயும். அதன் விலை ரோலரைப் போல எத்தனையோ மடங்கு. கடைசியில் செயின் ஒரு பல் தாவினால் வண்டி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும், இழுவை போய்விடும். அதற்கு மேல் தாவினால் வால்வு பிஸ்டனில் முட்டி வளையக்கூடும்.

மெக்கானிக்கு மொத்தக் கிட்டும் மாத்தணும்ங்காரு. கொஞ்சமா செலவழிச்சு முடிக்க வழி இருக்கா?

இருக்கிறது. இந்த என்ஜினில் வேலை மூன்று கட்டமாகப் பிரிகிறது. உங்கள் பில்லில் பொருள் விலையை விடக் கூலிதான் கூடுதல் என்பதால், எந்தக் கட்டம் வரை போக வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் மிச்சம் இருக்கிறது.

முதல் கட்டத்தில் அடிப்போல்ட்டை மட்டும் கழற்றி ஸ்பிரிங்கையும் ராடையும் வெளியே எடுக்கிறோம். இதற்குப் புல்லர் (மேக்னட்டை இழுத்துக் கழற்றும் கருவி) வேண்டாம், பேக்கிங் (மூடிக்கு இடையில் வைக்கும் தாள்) வெட்ட வேண்டாம். இரண்டாம் கட்டத்தில் இடப்பக்கக் கவர், மேக்னட், காயில் பிளேட்டைக் கழற்றி டென்ஷனர் ரோலரையும் கையையும் மாற்றுகிறோம். ஹெட்டின் பக்கவாட்டு மூடியைத் திறந்து கேம் பல்சக்கரத்தையும் எடுத்தால் செயினையும் அப்போதே மாற்றிவிடலாம். கிராங்கைப் பிரிக்க வேண்டிய அவசியம் இல்லை. மூன்றாம் கட்டம் ஹெட்டைக் கழற்றிக் கைடு ரோலரை மாற்றுவது. ஹெட்டைக் கழற்றினால் பேக்கிங் செலவும் சேரும். ஆகவே கைடு ரோலரை வால்வு தேய்க்கும்போதோ சிலிண்டரைக் கடையும் போர் வேலைக்கோ திறக்கும் நாளுக்கு விட்டுவைப்பது நல்லது. அது பிய்ந்துவிட்டது என்று உறுதியாகத் தெரிந்தால் ஒழிய.

மெக்கானிக் மொத்தமாக மாற்றச் சொல்வதிலும் நியாயம் உண்டு. திரும்பத் திறக்க நேர்ந்தால் பழி அவருக்குத்தான் வரும். ‘முதலில் அடியில் திறந்து ராடையும் ஸ்பிரிங்கையும் பாருங்க, அப்புறம் முடிவு செய்வோம்’ என்று நீங்களே சொல்லுங்கள். பெரும்பாலான மெக்கானிக்குகள் சம்மதிப்பார்கள்.

முதல் கட்டத்தை நானே வீட்டுல வச்சுச் செய்யலாமா?

ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் செய்யலாம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு என்ஜின் முழுக்க ஆறட்டும். அடிப்பக்கத்தை மண்ணெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். எங்கள் பக்கத்துச் செம்மண் ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் கெடுதல்தான். எண்ணெய் வடிக்கும் போல்ட் வேறு, டென்ஷனர் போல்ட் வேறு. இரண்டும் அடியில் இருப்பதால் குழம்பிப்போய் ஒன்றுக்கு மற்றதைத் திறப்பவர்கள் உண்டு. முதலில் எண்ணெயை வடித்துவிட்டு, இடப்பக்கம் உள்ள டென்ஷனர் போல்ட்டுக்குக் கீழே ஒரு தட்டு வைத்து மெதுவாகத் திருகுங்கள். உள்ளே ஸ்பிரிங் அழுத்திக்கொண்டிருக்கிறது, கடைசிச் சுற்றில் போல்ட்டை விரலால் தாங்கிக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கும் ராடும் கொஞ்சம் எண்ணெயோடு இறங்கி வரும். இவை வெளியே இருக்கும் நேரத்தில் கிக்கரைத் தொடாதீர்கள். செயின் தளர்ந்து கிடக்கும், பல் தாவிவிடும்.

மூன்று இடத்தைப் பாருங்கள். ராடின் தலையில் உள்ள ரப்பர் குழிந்தோ வெடித்தோ இருக்கிறதா? ராடின் உடம்பில் நீளவாக்கில் கோடு விழுந்திருக்கிறதா, அதன் எண்ணெய்த் துளை அடைத்திருக்கிறதா? ஸ்பிரிங் புதியதை விடக் குட்டையாகிவிட்டதா? கடைக்காரரிடம் புது ஸ்பிரிங்கை வாங்கிப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாலே தெரிந்துவிடும். துளையைப் பெட்ரோலில் கழுவிக் காற்றடித்துச் சுத்தம் செய்து, ராடைப் புது எண்ணெயில் முக்கிப் போடுங்கள். போல்ட்டின் வாஷரைப் புதிதாக மாற்றுங்கள், சில ரூபாய்தான். கேஸ் அலுமினியம் என்பதால் மூர்க்கமாக இறுக்காதீர்கள். மரை போய்விட்டால் லேத் பட்டறைக்குப் போய் உள்மரை போட வேண்டிவரும்.

எண்ணெய் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் சத்தம் இருக்கும். ராடின் துளையில் எண்ணெய் நிரம்பட்டும். ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் காத்திருங்கள்.

ஸ்பிரிங்க இழுத்து நீட்டி விட்டா போதும்னு ஒருத்தர் சொல்லுதாரு. அடியில வாஷர் போட்டும் சிலர் செய்யுதாங்களே?

இரண்டும் வேண்டாம். இழுத்து நீட்டிய ஸ்பிரிங் சூட்டிலும் அதிர்விலும் பழைய உயரத்துக்கே இறங்கிவிடும். வாஷர் வைத்தால் சத்தம் உடனே குறையும், அதனால்தான் ஆட்கள் நம்புகிறார்கள். ஆனால் ஸ்பிரிங் எப்போதும் கூடுதல் அழுத்தத்தில் நின்று, ரோலர் செயினில் பதிந்து ரப்பரை வேகமாக அரைத்துவிடும். கொஞ்ச காலத்தில் முதல் கட்டத்தோடு முடிந்திருக்க வேண்டிய வேலை இரண்டாம் கட்டத்துக்குப் போகும்.

புது ஸ்பிரிங் இந்த வேலையிலேயே மலிவான பொருள். குறைந்த செலவு என்று நான் சொல்வது தேவையில்லாததை மாற்றாமல் இருப்பதை. தேய்ந்ததை ஒட்டுப்போட்டு ஓட்டுவது கடைசியில் கூடுதல் செலவாகத்தான் முடியும்.

ரோலர் தேஞ்சிருக்குன்னு திறக்காமத் தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். எண்ணெய் மாற்றும்போது வடித்த எண்ணெயை ஒரு வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். மிருதுவான கறுப்புத் துகள்கள், விரலால் நசுக்கினால் ரப்பர் போல அழுந்துபவை இருந்தால் ரோலர் பிய்கிறது. பளபளப்பான அலுமினியத் தூள் இருந்தால் செயின் எங்கோ சுவரில் உரசுகிறது. இந்த என்ஜினில் காகித ஃபில்டர் இல்லை. ஒரு சல்லடையும், சுழற்சியில் அழுக்கை ஒதுக்கும் ஒரு கிண்ணமும்தான். இரண்டும் வலப்பக்கக் கவருக்குள் இருப்பதால் பலர் வருடக்கணக்கில் அதைத் திறப்பதே இல்லை.

ரோலர் பிய்ந்த வண்டியில் ரோலரை மாற்றிவிட்டுச் சல்லடையை அப்படியே விடுவது பெரிய தப்பு. துண்டுகள் அங்கேதான் கிடக்கும். வலப்பக்கக் கவரையும் திறந்து சுத்தம் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு ஒரு பேக்கிங் செலவு கூடும், கொடுக்கலாம்.

திறந்த பிறகு பார்க்க வேண்டியது: ரோலரின் ரப்பரில் செயின் ஓடிய இடத்தில் ஆழமான பள்ளம், வெடிப்பு, உலோகத்திலிருந்து ரப்பர் கழன்று தனியாகச் சுற்றுவது. ரப்பர் கல் போல இறுகியிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். ரோலர் சுற்றும் அச்சிலும், கை தொங்கும் அச்சிலும் ஆட்டம் இருக்கிறதா என்று கையால் அசைத்துப் பாருங்கள்.

டயர் கடையில பழைய ரோலருக்கே ரப்பர் ஒட்டித் தரலாம்ங்காங்க. இல்லன்னா லேத்துல நைலான்ல கடைஞ்சு போடலாமா?

டயர், டியூப் ரப்பர் ஒட்டவே கூடாது. இயற்கை ரப்பர் சூடான என்ஜின் எண்ணெயில் ஊறி உப்பிக் கொழகொழத்துப் போகும். ரோலரில் இருப்பது எண்ணெய் தாங்கும் நைட்ரைல் போன்ற செயற்கை ரப்பர். அதை அச்சில் வைத்து வேகவைத்து உலோகத்தோடு பிணைக்க வேண்டும், பசையால் ஒட்டினால் நிற்காது. ஸ்பிளெண்டருக்கு ரோலர் ஊர் ஊராகக் கிடைக்கும்போது இந்த வம்பு எதற்கு?

நைலான் விஷயம் வேறு. எண்ணெயில் அது நிற்கும். ரப்பர் போல அதிர்வை உள்வாங்காததால் சத்தம் கொஞ்சம் கூடும். எல்.எம்.எல். ஃப்ரீடம் போல உற்பத்தி நின்று, பார்ட்ஸ் தேடி அலைய வேண்டிய வண்டிகளுக்கு நல்ல கடைசல்காரர் கையில் அது ஒரு வழி. பழைய ரோலரின் வெளிவிட்டத்தைப் பள்ளத்தில் அளக்காமல் தேயாத விளிம்பில் அளக்கச் சொல்லுங்கள். அச்சுத் துளையில் பித்தளை புஷ் வையுங்கள். பட்டறையில் கிடக்கும் பிளாஸ்டிக் துண்டில் கடையச் சம்மதிக்காதீர்கள். எது நைலான், எது சூட்டில் உருகும் சாதாரணப் பிளாஸ்டிக் என்று பார்வையில் தெரியாது.

ரோலர் மட்டும் மாத்திட்டு பழைய செயினையே விடலாமா?

செயினைப் பொறுத்தது. மேக்னட்டைக் கழற்றிய நிலையில் புதுச் செயினையும் பழைய செயினையும் பக்கம் பக்கமாக ஒரே ஆணியில் தொங்கவிட்டுப் பாருங்கள். கண்ணி எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் பழையது கண்ணுக்குத் தெரிகிற அளவு நீண்டிருந்தால் போட வேண்டாம். செயினைப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் வளைத்தாலும் தெரியும். புதியது விறைப்பாக நிற்கும், தேய்ந்தது வில்லாக வளையும்.

என்னைக் கேட்டால், இரண்டாம் கட்டம் வரை போய்விட்டால் செயினையும் மாற்றிவிடுவதே லாபம். கூலி ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. முதல் கட்டத்தோடு சத்தம் அடங்கிவிட்டால் செயினைத் தொட வேண்டாம். கேம் பல்சக்கரத்தின் பற்கள் கொக்கி போல வளைந்திருந்தால் மட்டும் அதையும் சேர்த்து மாற்றுங்கள், இல்லையென்றால் புதுச் செயினை அது தின்றுவிடும்.

ஒரிஜினலா, லோக்கலா? திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் கடையில ரெண்டு விலை சொல்லுதாங்க.

ரப்பர் உள்ளவற்றில் ஒரிஜினல் வாங்குங்கள்: இரண்டு ரோலர்கள், ராடின் தலை ரப்பர். மலிவு ரோலர்களில் ரப்பர் உலோகத்தை விட்டுக் கழன்றுவிடுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செயினில் பெயர் பெற்ற செயின் கம்பெனிகளுடையது எதுவானாலும் சரி, உறையில்லாமல் சாக்கில் கொட்டிக் கிடப்பது வேண்டாம். வாஷர், பேக்கிங்கில் லோக்கல் போதும்.

பழைய பார்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஒரே பெயரில் வந்த வண்டிகளிலும் வருடத்துக்கு வருடம் சின்ன மாற்றங்கள் உண்டு. பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் பாளையங்கோட்டையிலிருந்து திரும்பவும் ஜங்ஷனுக்கு ஓட வேண்டியிருக்கும்.

மேக்னட்டை நானே கழத்தலாமா? சுத்தியல் இருக்கு.

சுத்தியலைத் தள்ளி வையுங்கள். மேக்னட்டில் தட்டினால் காந்தம் விரிசல் விடும், கிராங் முனையும் கோணும். அந்த வண்டிக்கான புல்லர் ஒன்று விலை கொடுத்து வாங்கலாம், அல்லது பழகிய பட்டறையில் இரவல் கேட்கலாம். கழன்றதும் கிராங்கில் உள்ள சின்னச் சாவி (மேக்னட் நழுவாமல் பிடிக்கும் இரும்புத் துண்டு) கீழே விழுந்து தொலையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமிங் வைப்பதில்தான் கவனம் முழுக்க வேண்டும். மேக்னட்டின் ‘டி’ குறி கேஸில் உள்ள குறிக்கு நேராக நிற்க வேண்டும்; அதே நேரம் கேம் பல்சக்கரத்தின் குறி ஹெட்டில் உள்ள வெட்டுக்கு நேராக நிற்க வேண்டும். மேக்னட்டை எப்போதும் அது ஓடும் திசையில் மட்டும் திருப்புங்கள், அதாவது இடப்பக்கம் நின்று பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராக. டென்ஷனர், ஸ்பிரிங், போல்ட் எல்லாம் போட்ட பிறகு கையால் நிதானமாக இரண்டு முழுச் சுற்று திருப்பி, இரண்டு குறிகளும் மறுபடி சேருகின்றனவா என்று பாருங்கள். வழியில் எங்காவது ‘டக்’ என்று முட்டினால் பலவந்தம் செய்யாமல் நிறுத்திவிட்டு முதலிலிருந்து பாருங்கள். இதைச் சரிபார்க்காமல் கிக்கரை உதைக்கவே கூடாது.

எனக்குப் பல்சர். அதுலயும் அடியிலதான் போல்ட்டா?

இல்லை. நிமிர்ந்த சிலிண்டர் உள்ள பெரும்பாலான வண்டிகளில் டென்ஷனர் தனிப் பெட்டியாகச் சிலிண்டரின் பின்புறம் இரண்டு போல்ட்டில் நிற்கும். உள்ளே ரோலருக்குப் பதில் நீண்ட பிளாஸ்டிக் பட்டை இருக்கும். பெட்டியைக் கழற்றுவது எளிது. கவனிக்காமல் திரும்பப் போடுவதில்தான் ஆபத்து.

இதில் இரண்டு வகை. ஒன்று பல் வைத்தது. வெளியே வரும், தானாக உள்ளே போகாது. இதில் முதலில் நடு போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, பின்பு பெட்டியைக் கழற்ற வேண்டும். போடும்போது சின்னக் கொக்கியை அழுத்தித் தண்டை முழுக்க உள்ளே தள்ளி, பெட்டியை இறுக்கி, கடைசியாக ஸ்பிரிங்கும் நடு போல்ட்டும். தண்டு வெளியே நீண்ட நிலையிலேயே பெட்டியை வைத்து இறுக்கினால் செயின் விண்ணென்று ஏறிவிடும், பட்டை போய்விடும். இன்னொன்று உள்ளே சுருள் ஸ்பிரிங் உள்ளது. பின்னால் ஒரு சின்ன திருகை எடுத்துவிட்டு மெல்லிய ஸ்க்ரூ டிரைவரால் வலப்பக்கம் சுற்றினால் தண்டு உள்ளே போகும். பெட்டியை இறுக்கிய பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் தானே வெளியே வந்து நிற்கும். இந்த வகைகளில் பல் மழுங்கினாலோ சுருள் வலுவிழந்தாலோ உள்ளே பிரித்துச் சரிசெய்ய முயலாமல் பெட்டியையே மாற்றுங்கள். பெட்டி வெளியே இருக்கும்போது கிக்கர் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கேயும் உண்டு.

கெட்டி எண்ணெய் ஊத்துனா சத்தம் அடங்கிருதே, அது போதாதா?

அடங்கும், உண்மைதான். ராடின் துளையில் கெட்டி எண்ணெய் நின்று துள்ளலைக் கூடுதலாக அடக்குகிறது. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது அதே எண்ணெய் கேமுக்கு ஏறத் தாமதமாகும், கிளட்சும் இழுக்கும். தேய்மானம் அப்படியே இருக்கும், காது மட்டும் ஏமாறும்.

கையேட்டில் சொன்ன எண்ணெயை, சொன்ன அளவுக்கு, காலத்தில் மாற்றுவது இந்த டென்ஷனருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி. இந்த என்ஜின் மொத்தமே ஒரு லிட்டருக்குள்தான் எண்ணெய் பிடிக்கும். அதிலும் பாதி குறைந்தால் ராடின் துளையில் எண்ணெய் நிற்காமல் காற்று புகும், அப்போது ஸ்பிரிங் தனியாக மல்லுக்கட்டும். புது ரோலர் போட்டும் சத்தம் கேட்கிறது என்று திரும்பி வரும் வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது எண்ணெய்க் குச்சியைத்தான்.

ரோலர் மாத்தி ரொம்ப நாள் ஆகல, திரும்பவும் தேஞ்சிட்டு. ஏன்?

ஓட்டும் விதத்தைப் பாருங்கள். பின்னால் இரண்டு பக்கமும் வாழைத்தார், டாப் கியர், வேகம் சைக்கிள் அளவு. அல்லது ஆனி, ஆடி மாதக் காற்றில் பணகுடியைத் தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றை எதிர்த்துக்கொண்டு கியர் இறக்காமல் போவது. என்ஜின் திணறும்போது கிராங் சீராகச் சுற்றாமல் ஒவ்வொரு வெடிப்புக்கும் வெட்டி வெட்டி இழுக்கும். ஒவ்வொரு வெட்டிலும் செயின் தளர்ந்து இறுகி ரோலரை அடிக்கும். ஒரு கியர் இறக்கி ஓட்டினால் பெட்ரோல் கொஞ்சம் கூடலாம், ரோலருக்கு ஆயுள் கூடும்.

ஓட்டுவதில் குறையில்லை என்றால் ஸ்பிரிங் அடியில் யாராவது வாஷர் வைத்திருக்கிறார்களா, செயின் பழையதா என்று பாருங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்துல வண்டி முங்கிட்டு. அப்புறம் எண்ணெய் மாத்தி ஓட்டிக்கிட்டுதான் இருக்கேன், இப்பதான் சத்தம் ஆரம்பிச்சிருக்கு. சம்பந்தம் இருக்குமா?

இருக்க வாய்ப்பு அதிகம். அந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஏறியபோது முங்கிய வண்டிகளில் பலவற்றுக்கு எண்ணெய் மட்டும் மாற்றிவிட்டார்கள். தண்ணீர் எண்ணெயை விடக் கனமானது, கீழேதான் தங்கும். டென்ஷனர் ராடு இருக்கும் துளை அடியில் ஒரு குழி போல இருப்பதால், எண்ணெய் வடிக்கும் போல்ட்டைத் திறந்தாலும் அதில் நின்ற தண்ணீர் முழுக்க வராது. ஸ்பிரிங் துருப்பிடித்து, ராடு சிக்கி மேலே ஏறாமல் நிற்கும்.

வீட்டில் செய்யும் முதல் கட்ட வேலையை அப்படியே செய்யுங்கள். துரு தெரிந்தால் ஸ்பிரிங்கைத் தேய்த்துப் போடாமல் மாற்றுங்கள், துருக்குழியிலிருந்துதான் அது உடையும். ராடில் லேசான கறை என்றால் மிக மெல்லிய உப்புத்தாளால் எண்ணெய் தொட்டுத் துடைக்கலாம், குழி விழுந்திருந்தால் மாற்றுங்கள். இனி ஒருமுறை வண்டி முங்கினால் கிக்கரை உதைக்கும் முன் இரண்டு போல்ட்டையும் திறந்து வடித்துவிடுங்கள். எண்ணெய் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் மலிவான எண்ணெய் ஊற்றிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு வடித்து, நிறம் தெளியும்வரை திரும்பச் செய்யுங்கள்.

பெங்களூர்ல இருக்க என் தம்பி பழைய டுகாட்டி வாங்கிருக்கான். அதுல செயினுக்குப் பதிலா பெல்ட்டாம். இதே மாதிரி சிக்கனமாச் செய்ய முடியுமா?

டுகாட்டி 1970களின் இறுதியில் வந்த பேன்டா என்ஜினில் தொடங்கிப் பல மாடல்களில் கேமைச் சுற்ற ரப்பர் பெல்ட்டைப் பயன்படுத்தியது. பெல்ட் எண்ணெய் படாமல் வெளியே கவருக்குள் ஓடும். அதன் டென்ஷனர் பேரிங் வைத்த ஒரு சக்கரம். தேய்வது பெரும்பாலும் அந்தப் பேரிங். பெல்ட்டை எடுத்துவிட்டு விரலால் சுற்றினால் கரகரவென்று தெரியும், அல்லது ஆட்டம் இருக்கும்.

முழுச் சக்கரம் விலை கூடுதல். பேரிங் தனியாகக் கழலும் அமைப்பாக இருந்தால் அதன் பக்கவாட்டில் பொறித்த எண்ணைப் படித்து பேரிங் கடையில் அதே அளவை வாங்கலாம். எண் பொதுவானது: 6001 என்றால் உள்விட்டம் 12 மி.மீ., வெளிவிட்டம் 28, அகலம் 8. 6201 என்றால் 12, 32, 10. இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக, நல்ல கம்பெனியாக இருக்கட்டும். சக்கரத்துக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் குண்டுகள் பதிந்து புதுப் பேரிங்கே சத்தம் போடும். சிக்கனம் பேரிங்கோடு நிற்கட்டும். பெல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகும், கையேடு சொல்லும் கால அளவில் மாற்றியே ஆக வேண்டும். அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும்.

எல்லாம் மாத்தியாச்சு, அண்ணாச்சி. புதுச் செயின், புது ரோலர், புது ஸ்பிரிங். இன்னும் கடகடன்னுதான் கேக்கு.

சத்தத்தின் இடத்தைத் திரும்பவும் ஸ்க்ரூ டிரைவர் வைத்துக் கண்டுபிடியுங்கள். ஹெட்டின் இடப்பக்கத்தில் என்றால் கேமின் பேரிங் அல்லது ராக்கர் அச்சு தேய்ந்திருக்கலாம். கேம் பல்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் தெரியும். சிலிண்டர் நடுவில் சரசரப்பு என்றால் நாம் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவைத்த கைடு ரோலர். அப்போது மூன்றாம் கட்டத்துக்குப் போகத்தான் வேண்டும். அடியில், கிராங் பக்கத்தில், பாரம் ஏற்றி மேடு ஏறும்போது ‘டங், டங்’ என்று கனமாக இடித்தால் அது கனெக்டிங் ராடு பேரிங். டென்ஷனருக்கும் அதற்கும் தொடர்பில்லை. அந்தச் சத்தத்தோடு காரையார் ஏற்றமெல்லாம் ஏறாதீர்கள், வண்டியை நிறுத்திவிடுங்கள்.

இடமே பிடிபடவில்லை, சத்தம் இன்ன இடம் என்றில்லாமல் எங்கும் கேட்கிறது என்றால் ராடு துளைக்குள் சிக்கி நிற்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பழைய ராடுக்குப் பதில் லோக்கல் ராடு போட்ட வண்டிகளில் அளவு கொஞ்சம் பருத்துப் போய், ஆறியிருக்கும்போது இறங்கி ஏறும், சூடானதும் பிடித்துக்கொள்ளும். அடிப்போல்ட்டைத் திறந்து, புதிய ராடு தன் எடையிலேயே வழுக்கி இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்காவிட்டால் ராடைத் தேய்த்துச் சரிசெய்யாமல் கடையில் கொடுத்து மாற்றி வாங்குங்கள்.